சி1 அட்வான்ஸ்டு: காதுக்கும் கண்ணுக்குமான பயிற்சி

தமிழும் மலையாளமும் ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவர்களுக்குக் காது கூர்மை என்பார்கள். ஆனால் கேம்பிரிட்ஜ் நடத்தும் சி1 அட்வான்ஸ்டு என்ற ஆங்கில மொழித் தேர்வின் கேட்டல் பகுதிக்கு அது மட்டும் போதாது. ஏறத்தாழ 40 நிமிடங்களில் 30 வினாக்கள். ஒவ்வொரு பதிவும் இருமுறை ஒலிக்கும். ஆளைத் திணறடிப்பது நான்காம் பகுதிதான். ஐந்து பேர் தனித்தனியே பேச, ஒவ்வொருவருக்கும் இரண்டு விடைகளை எட்டெட்டுத் தெரிவுகளிலிருந்து பொறுக்க வேண்டும். காதில் விழுந்த அதே சொல் தெரிவிலும் இருந்தால், பெரும்பாலும் அது பொறியாகவே இருக்கும்.

ஆகவே பாலக்காட்டுப் பேருந்தில் பிபிசி நேர்காணல்களைக் கேட்டு, பேசியவர் எந்த மனநிலையில் பேசினார் என்பதை ஒரே வரியில் நோட்டில் எழுதிவருகிறேன். (நடுவே கண்டக்டர் மணியடித்தால் அடிக்கட்டும், தேர்வறையில் அவ்வளவு சத்தம் இருக்கப்போவதில்லை.)

வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளில் 90 நிமிடங்களுக்கு 56 வினாக்கள். அதன் ஏழாம் பகுதியில், கட்டுரையிலிருந்து உருவப்பட்ட ஆறு பத்திகளை, கொடுக்கப்படும் ஏழிலிருந்து தேர்ந்து உரிய இடங்களில் பொருத்த வேண்டும். இதற்கு மாதிரித் தாள்களைத் தீர்த்துக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆங்கில நாளிதழின் நீண்ட கட்டுரை ஒன்றைக் கத்தரித்து, அக்கா மகளைக் கலைத்துப் போடச் சொல்லி, ‘இவ்வாறு’, ‘அவர்கள்’ போன்ற சுட்டுகள் முந்தைய பத்தியில் எதைக் குறிக்கின்றன என்று பென்சிலால் கோடிட்டபடியே அடுக்குகிறேன். கருப்பொருளை மட்டும் நம்பி அடுக்கினால் தேவையில்லாத ஏழாவது பத்தியும் எங்கேயாவது கச்சிதமாகப் பொருந்திவிடும்.