குமனோ யாத்திரை: அருவியே மூலவரா நிக்கற மலை

ஜப்பான்ல குமனோ மலைல இருக்கற நாச்சி அருவி முன்னாடி போய் நின்னதும் நம்ம கண்ணு கர்ப்பகிரகத்தத்தான் தேடும். அங்க அப்படி ஒண்ணு கிடையாது. ஹிரோ ஜிஞ்ஜான்னு கோவிலுக்குப் பேரு, ஒரு தோரி வாசல், கும்பிடறதுக்கு ஒரு இடம், அதுக்கு அந்தப் பக்கம் 133 மீட்டர் உசரத்துலேர்ந்து நேரா விழற தண்ணி. அந்தத் தண்ணிதான் மூலவர். மேல பாறை விளிம்புல தண்ணி விழ ஆரம்பிக்கற இடத்துல ஒரு கனமான கயிறு கட்டியிருக்கும், ஷிமேனாவான்னு சொல்றது, இதுக்குள்ள இருக்கறது தெய்வம்னு அடையாளம். வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூலை 9 அப்புறம் டிசம்பர் 27, கோவில்காரங்க மேல ஏறிப் போய் பழைய கயிற எடுத்துட்டுப் புதுசு கட்டறாங்க.

அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, நான் வேலைக்காக ஒசாகால இருக்கேன், கியோட்டோ நாரா எல்லாம் காட்டி முடிச்சப்புறம் குமனோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அருவியப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், "திருவண்ணாமலைல மலையே அவர்தானடா, இங்க தண்ணியா நிக்கறார்"னு சொல்லிட்டுக் கைய கூப்பினாங்க. அங்க கும்பிடற முறை ரெண்டு தடவ குனிஞ்சு, ரெண்டு தடவ கை தட்டி, திரும்ப ஒரு தடவ குனியறது. அம்மா அதையும் பண்ணாங்க, கன்னத்துலயும் போட்டுக்கிட்டாங்க.

குமனோங்கறது ஜப்பானோட கீ தீபகற்பத்துல தெற்கு ஓரத்துல இருக்கற மலைநாடு. ஹோங்கு, ஹயதமா, நாச்சின்னு மூணு பெரிய கோவில். 2004ல இந்தக் கோவில்களையும் இங்க வர பழைய நடைபாதைகளையும் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் வெளிநாட்டுக்காரங்க கூட்டம் நெறைய, எல்லாரும் எடுக்கற போட்டோ ஒண்ணுதான், பனிக்குள்ள நேரா நேரா நிக்கற மரம், பாசி படிஞ்ச கல் படி, கீழ "ஆயிரம் வருஷமா மாறாத காடு"ன்னு ஒரு வரி. அந்த வரி என் மனசுக்கு ஒத்து வரல, ஏன்னா இந்தக் காடு மாறிக்கிட்டேதான் இருந்திருக்கு, ஒவ்வொரு காலத்துலயும் ஜனங்க இந்த மலைய ஒவ்வொரு மாதிரி பாத்திருக்காங்க, எப்படிப் பாத்தாங்களோ அப்படியே மாத்தியும் வச்சிருக்காங்க. அது தெரிஞ்சு நடந்தா பக்தி குறையும்னு நினைக்காதீங்க, எனக்கு அதிகம்தான் ஆச்சு.

முதல்ல கியோட்டோ ராஜாக்கள் பார்வை. அவங்களுக்கு இந்தத் தெற்கு மலை செத்தவங்க ஆத்மா போய்ச் சேர்ற இடம், அதே சமயம் உயிரோட இருக்கும்போதே போய்ப் பாத்துட்டு வரக்கூடிய புண்ணிய லோகம். 907ல பட்டத்த விட்ட உதா சக்கரவர்த்தி வந்திருக்கார், அப்புறம் 12ம் நூற்றாண்டுல கோ-ஷிரகவா 34 தடவ வந்ததா சொல்றாங்க, கியோட்டோலேர்ந்து நடந்து வந்து திரும்பிப் போக கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும். மூணு கோவில் சாமியும் மூணு புத்த ரூபம், ஹோங்குல அமிதா, ஹயதமால யகுஷி, நாச்சில ஆயிரம் கை கன்னோன், அதாவது நம்ம அவலோகிதேஸ்வரர். ஹயதமா போன ஜென்மப் பாவத்தக் கழுவும், நாச்சி இந்த ஜென்மத்தப் பாத்துக்கும், ஹோங்கு அடுத்த ஜென்மத்துக்கு வழி காட்டும்னு நம்பிக்கை. ராஜாக்கள் வரது நின்னப்புறம் சாதாரண ஜனங்க வர ஆரம்பிச்சு, மலைல எறும்பு வரிசை மாதிரி கூட்டம்னு சொல்ற அளவுக்கு ஆச்சு.

நாச்சில அருவிக்குப் பக்கத்துல செய்கான்தோ-ஜின்னு ஒரு புத்தர் கோவில். அதோட தலபுராணம் கேட்டதும் எனக்கும் அம்மாவுக்கும் சிலிர்த்துப் போச்சு. 4ம் நூற்றாண்டு வாக்குல ராக்யோன்னு ஒரு சாமியார் இந்தியாலேர்ந்து கடல்ல அடிச்சுக்கிட்டு வந்து இங்க கரை ஒதுங்கி, இந்த அருவில தவம் பண்ணி, அருவிக்குள்ளேர்ந்து கன்னோன் விக்கிரகத்த எடுத்தாராம். புராணம்தான், ஆனா அந்தக் கோவிலே இப்படிச் சொல்லிக்கறாங்க. மேற்கு ஜப்பான்ல 33 கன்னோன் கோவில் சுத்தற யாத்திரைல இதுதான் முதல் கோவில்.

இன்னும் கேளுங்க. நாச்சி ஸ்டேஷன் பக்கத்துல, கடல் ஓரமா, ஃபுதராகுசன்-ஜின்னு சின்னதா ஒரு கோவில், டூரிஸ்ட் கூட்டம் எல்லாம் அதத் தாண்டி அருவிக்குப் போயிடறாங்க, தயவுசெஞ்சு அங்க இறங்குங்க. 9ம் நூற்றாண்டுலேர்ந்து 18ம் நூற்றாண்டு வரைக்கும் இங்கேர்ந்து துறவிகள் சின்னப் படகுல ஏறி, உள்ள கொஞ்ச நாள் சாப்பாடோட அடைச்சுக்கிட்டு, தெற்கு நோக்கிக் கடல்ல போயிட்டாங்க, திரும்பி வரதுக்கு இல்ல, கன்னோன் வாசம் பண்ற மலைக்குப் போறதுக்கு. அந்தப் படகு மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க, நாலு பக்கமும் தோரி நட்ட படகு. சரி, அவங்க போக நினைச்ச மலை எங்க இருக்கு? 7ம் நூற்றாண்டுல யுவான் சுவாங் எழுதினபடி, தென்னிந்தியாவுல மலய மலைக்குக் கிழக்க பொதலகம்னு ஒரு மலை, அங்க அவலோகிதேஸ்வரர் இருக்கார், சில சமயம் ஈஸ்வரன் ரூபத்துல காட்சி தரார்னு. அது நம்ம பொதிகை மலைதான்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதர்கிட்டதான்னு வீரசோழியம்ங்கற பழைய தமிழ் இலக்கண நூல் வேற சொல்லுது. அந்தக் கடற்கரைல நின்னு அம்மாகிட்ட இதெல்லாம் சொன்னப்போ, "அப்ப இவங்க எல்லாம் நம்ம ஊருக்குக் கிளம்பினவங்களாடா"ன்னு கேட்டு அழுதுட்டாங்க. எனக்கும் தொண்டைய அடைச்சது. மத்தவங்களுக்கு அது மீன் பிடிக்கற கடல், அந்தத் துறவிகளுக்கு அதுவே சந்நிதிக்குப் போற வீதி.

அடுத்த நாள் ஹோங்கு. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால ஹோஷின்மொன்-ஓஜி வரை பஸ், அங்கேர்ந்து ஹோங்கு வரை சுமார் 7 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம்தான், நிதானமா போனா பெரியவங்களும் நடக்கலாம். ஓஜின்னா வழில வர சின்னச் சின்ன கோவில்கள், 99 ஓஜின்னு வழக்கமா சொல்வாங்க, பல இடத்துல ஒரு மரப்பெட்டிக்குள்ள முத்திரை வச்சிருக்காங்க, நம்மளே நோட்டுல குத்திக்கலாம். வழில டீத் தோட்டம், நாலஞ்சு வீடு, அப்புறம் ஃபுஷியோகமி-ஓஜி. பழைய யாத்ரீகர்கள் ஹோங்கு கோவில முதல்ல தூரத்துலேர்ந்து பாக்கற இடம் இதுதான், பாத்ததும் அப்படியே தரைல விழுந்து கும்பிடுவாங்களாம். இசுமி ஷிகிபுன்னு சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பெண் கவிஞர், இந்த இடத்துக்கு வந்தப்போ மாதவிலக்கு ஆயிடுச்சு, கோவிலுக்குப் போக முடியாதேன்னு வருத்தப்பட்டுக் கவிதை சொன்னாங்க, அன்னிக்கு ராத்திரி சாமியே கனவுல வந்து பரவால்ல வான்னு கூப்பிட்டாருன்னு ஐதீகம். ஆம்பள பொம்பள, சுத்தம் அசுத்தம், நோயாளி யாரா இருந்தாலும் குமனோ ஏத்துக்கும்ங்கறதுதான் இந்த யாத்திரையோட பெரிய பெருமை.

இப்ப அந்த நேர் நேரா நிக்கற மரங்களுக்கு வரேன். சுகி, ஹினோகின்னு ரெண்டு வகை, சீடர், சைப்ரஸ் இனம். வழி நெடுக இதான் அதிகம், பாக்க கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா இதுல முக்கால்வாசி சாமி வச்ச காடு இல்ல, மனுஷன் வரிசையா நட்ட தோட்டம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஊரெல்லாம் வீடு கட்ட மரம் வேணும்னு 1950, 60கள்ல அரசாங்கமே இலை அகலமான பழைய காட்டெல்லாம் வெட்டிட்டு சுகியும் ஹினோகியும் நடச் சொல்லி ஊக்கம் குடுத்துச்சு. விறகு, கரிக்கும் மதிப்பு போயிடுச்சு, வீட்டுக்கு வீடு கேஸ் வந்துடுச்சு, அதனால பழைய காடு யாருக்கும் வேண்டாததா ஆச்சு. நட்ட கன்னு வெட்டற பக்குவத்துக்கு வரதுக்குள்ள, 1964லயே வெளிநாட்டு மர இறக்குமதிய முழுசா திறந்துட்டாங்க, போகப் போக விலை விழுந்துடுச்சு, இளைஞர்கள் டவுனுக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு ஜப்பான் நிலத்துல மூணுல ரெண்டு பங்கு காடு, அந்தக் காட்டுல 40 சதவீதம் இப்படி நட்டது, இங்க வகயாமா மாவட்டத்துல 60 சதவீதம் பக்கம். வசந்த காலத்துல ஜனங்க மூக்க உறிஞ்சிக்கிட்டு மாஸ்க் போட்டுத் திரியறதுக்கும் இந்த சுகி மகரந்தம்தான் காரணம். மலைப்பாதைல சில இடத்துல மரத்துக்கு நடுவுல கல்லு கல்லா அடுக்கின சுவர் தெரியும், கோவில் மதில்னு நினைப்போம், அது ஒரு காலத்துல யாரோ நெல்லு விளைவிச்ச வயல், ஊர் காலியானதும் அதுலயும் மரத்த நட்டுட்டாங்க.

அப்ப பழைய காடு எங்க மிச்சம் இருக்கு? கோவில ஒட்டித்தான். அதுக்கு நாம கும்பிட வேண்டிய மனுஷர் ஒருத்தர் இருக்கார், மினகதா குமகுசு. 1867ல பிறந்தவர், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல படிச்சுக் கிடந்தவர், திரும்பி வந்து 1901லேர்ந்து 1904 வரைக்கும் இந்த நாச்சி மலைலதான் பாசி, காளான் எல்லாம் சேகரிச்சார். 1868லயே ஜப்பானோட சாமி வேற புத்தர் வேறன்னு அப்ப புதுசா வந்த மெய்ஜி அரசாங்கம் பிரிச்சு நெறைய கோவில் பாழாயிருந்துச்சு, அது பத்தாதுன்னு 1906ல சின்னக் கோவில்கள எல்லாம் ஒண்ணாச் சேர்க்கணும்னு உத்தரவு. நாடு முழுக்க சுமார் 70,000 கோவில் போச்சு, வகயாமாவும் பக்கத்து மியேயும் ரொம்ப மோசமா அடி வாங்கின இடங்கள். கோவில் போனா கோவில் காட்டு மரம் விறகுக்கும் பலகைக்கும் வித்துப் போயிடும், பல ஓஜி இப்ப வெறும் கல்லா நிக்கறது அதனாலதான். குமகுசு பேப்பர்ல எழுதினார், பெரியவங்களுக்கு நீள நீளமா கடிதம் போட்டார், 1910ல ஒரு கூட்டத்துக்குள்ள புகுந்து ரகளை பண்ணி ஜெயிலுக்கும் போனார். கோவில் போனா காடு போகும், காடு போனா பறவையும் பூச்சியும் போகும், ஊர்க்காரங்க ஒண்ணா இருக்கற மனசும் போகும்னு அந்தக் காலத்துலயே இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டினதுன்னு சொன்ன மனுஷன். 1920ல ஜப்பான் மேல்சபைல இந்தக் கோவில் இணைப்பால பிரயோஜனம் இல்லன்னு முடிவு எடுத்தாங்க. அதுக்குள்ள போனது போயிடுச்சு. ஆனா ட்சுகிசகுரா-ஓஜில அவர் போராடி மிச்சமான பெரிய சுகி மரங்கள் இன்னும் இருக்கு, கிளை எல்லாம் தெற்க நாச்சி இருக்கற திசையப் பாத்தே நீண்டிருக்கும். நான் அதுல ஒரு மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், கை பாதி கூட எட்டல.

அவர் வாழ்ந்த தனபே ஊர்லயே 1974ல தென்ஜின்சகிங்கற கடலோரத்துல பங்களா கட்ட வந்தப்போ, ஊர் ஜனங்க காசு சேத்து அந்த நிலத்த வாங்கிக் காப்பாத்தினாங்க. அந்த மண்ணுலயே அந்த குணம் இருக்குன்னு நான் நம்பறேன். மழைல கரையற யாத்திரைப் பாதைக்கு இப்பவும் பள்ளிக்கூடப் பசங்களும் கம்பெனி ஆளுங்களும் மண்ணு சுமந்து வந்து கொட்டி மிதிச்சுக் கெட்டியாக்கறாங்க, அதுவும் கைங்கர்யம்தான்.

ஹோங்கு கோவில் இப்ப மேட்டுல இருக்கு, ஆனா அது பழைய இடம் இல்ல. கீழ ஆத்தங்கரைல ஓயுனோஹரான்னு ஒரு திட்டு, அங்கதான் இருந்துச்சு, பாலம் கிடையாது, ஆத்துல இறங்கி நனைஞ்சுதான் சந்நிதிக்குப் போகணும், அதுவே தீர்த்த ஸ்நானம். 1889 ஆகஸ்ட்ல பெருவெள்ளம், மேல மலைல மரத்த நெறைய வெட்டினதும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க, கோவில அடிச்சுட்டுப் போச்சு. மேல தொட்சுகவா கிராமத்துல சுமார் 2,500 பேர் ஊர விட்டு ஹொக்கைடோவுக்கே குடி பெயர்ந்து போனாங்க. மிஞ்சின நாலு சந்நிதிய 1891ல மேட்டுக்குக் கொண்டு வந்தாங்க. பழைய இடத்துல 2000ல 33.9 மீட்டர் உசரத்துல ஒரு இரும்பு தோரி நிறுத்தியிருக்காங்க. வயலுக்கு நடுவுல அவ்ளோ பெருசா கருப்பா எதுக்குன்னு முதல்ல எனக்கு ஒட்டல, ஆனா உள்ள போனா கட்டடம் எதுவும் இல்ல, புல்லும் பெரிய மரங்களும் ரெண்டு சின்ன கல் சந்நிதியும்தான், தண்ணி கேட்ட இடத்த தண்ணிக்கே விட்டுட்டு எல்லைய மட்டும் காட்டறதுக்கு அந்த தோரி வேணும்தான்னு அப்பதான் புரிஞ்சது. 2011 புயல்லயும் இந்தப் பக்கம் எல்லாம் வெள்ளம், நாச்சிலயும் பெரிய சேதம். அம்மா மேட்டுக் கோவில்ல கும்பிட்டத விட இங்கதான் அதிக நேரம் உக்காந்திருந்தாங்க, லலிதா சகஸ்ரநாமம் முழுக்க சொல்லி முடிச்சாங்க.

போறவங்களுக்கு: ஷின்-ஒசாகாலேர்ந்து குரோஷியோ எக்ஸ்பிரஸ், நாச்சிக்குன்னா கீ-கட்சுஉரா ஸ்டேஷன், ஹோங்குக்குன்னா கீ-தனபேல இறங்கி பஸ். பஸ் ரொம்பக் கம்மி, டைம் பாத்துட்டு நடங்க. மழை அதிகமான இடம், ரெயின்கோட் இல்லாம போகாதீங்க. சைவக்காரங்க மெஹரி-சுஷி கேட்டு வாங்குங்க, ஊறவச்ச கடுகுக் கீரை இலைல சுத்தின சோத்து உருண்டை, உள்ள மீன் இல்லையான்னு மட்டும் கேட்டுக்கோங்க. தங்கறதுக்கு யுனோமினே நல்லது, அந்தக் காலத்து யாத்ரீகர்கள் கோவிலுக்கு முன்னாடி குளிச்ச வெந்நீர் ஊத்து ஊர், ஊத்துலயே முட்டை, கிழங்கு வேக வச்சுக்கலாம். நாச்சிக்குப் போனா கார்ல நேரா அருவிக்குப் போயிடாம தைமோன்சகா கல் படில ஏறுங்க, அங்க நிக்கறது 800 வருஷத்து சுகி. ஹோங்கு பக்கம் நட்ட சுகிய முதல்ல பாத்துட்டு இதப் பாத்தீங்கன்னா நான் என்ன சொல்றேன்னு உங்க கண்ணுக்கே தெரியும்.