ஜானகி அம்மாளும் நாம் நசுக்கிய வேர் நுனியும்

இராணி மேரி கல்லூரியில் தாவரவியல் படித்த எவருக்கும் வெங்காய வேர் நுனி மறக்காது. மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் வேர் ஒரு நாள் ஊற வேண்டும். பிறகு 60 டிகிரிச் சூட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம். நுனியில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் நறுக்கி, அசெட்டோகார்மின் சாயச் சொட்டில் இரும்பு ஊசியால் குத்திக் கலைத்து, மூடுகண்ணாடி வைத்து, வடிதாளை மடித்துக் கட்டைவிரலால் அழுத்துவோம். ஊசியில் லேசாகத் துரு இருந்தால் நல்லதே. இரும்பு பட்டால்தான் சாயம் கருக்கும். அழுத்தும்போது கண்ணாடி நகர்ந்தால் செல்கள் சுருண்டு போகும். பேராசையோடு நீளமாக வெட்டினால் பிரிவதை நிறுத்திவிட்ட செல்கள்தான் கண்ணில் படும். எல்லாம் கூடிவந்தால் ஒரு செல்லில் 16 குரோமோசோம், அதாவது மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள், எண்ணலாம்.

நமக்கு வெகுகாலம் முன்பு அதே கல்லூரியில் படித்தவர் தலைச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள். மாநிலக் கல்லூரியில் 1921இல் ஆனர்ஸ், அமெரிக்காவின் மிச்சிகனில் 1931இல் முனைவர் பட்டம். அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் நாடு திரும்பச் சொன்ன நேருவின் அழைப்பையும் 1977ஆம் ஆண்டுப் பத்மஸ்ரீயையும் சொல்லி நின்றுவிடும். அவர் உட்கார்ந்து எண்ணியதை யாரும் எழுதுவதில்லை. அது எனக்குப் பெரிய குறை.

1934இல் அவர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். வெங்காயத்தில் இருப்பவை பெரிய, தடித்த குரோமோசோம்கள். கரும்பிலோ பொடிப்பொடியாக, கலப்பு ரகங்களில் நூற்றுக்கு மேல். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பினால் பரம்பரையே தப்பிவிடும். 'வெள்ளை' போன்ற தடித்த இனிப்புக் கரும்பில் 80. அதன் காட்டு உறவான கோவைப் பக்கத்து நாணலில் 64. இரண்டையும் கலந்தால் ஒவ்வொன்றும் தன்னில் பாதியைக் கொடுத்து 40உம் 32உம் சேர்ந்து 72 வரவேண்டும் அல்லவா? 1918இல் வெளிவந்த கோ 205 அப்படிக் கலந்து பிறந்த ரகம்தான். அதில் இருப்பதோ 112. தாய்க் கரும்பு தன் 80ஐப் பாதியாக்காமல் அப்படியே கொடுத்துவிடுகிறது. ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். அந்தக் கலப்பைப் பற்றி 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

பிறகு இங்கிலாந்து. குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வந்தது. 1951இல் நாடு திரும்பினார். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் இருந்தார். 1984 பிப்ரவரி 7 அன்று காலமாகும்போது வயது 86.

இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய மாணவியர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் ஜானகி அம்மாள் மக்னோலியா என்னும் பூமரத்தின் நாற்றுகளின் வளர்முனையில் கால்ச்சிசின் இட்டார். நம் செங்காந்தள் கிழங்கிலும் உள்ள நஞ்சு அது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கள் அதனால் உருவாகாமல் போகின்றன. இரட்டித்தவை ஒரே செல்லுக்குள் தங்கிவிடுகின்றன. அளவு மிஞ்சினால் நாற்று கருகும். குறைந்தால் பாதித் திசு மட்டும் மாறிப் பழையது அதை முந்தி வளர்ந்துவிடும். இவர் கைக்குத் தப்பாமல் வந்த ஒரு வெள்ளை மக்னோலியாவுக்கு 'ஜானகி அம்மாள்' என்றே பெயர். அவர் நட்டவை விஸ்லியில் பேட்டில்ஸ்டன் குன்றில் நிற்கின்றன. வசந்தத் தொடக்கத்தில் போங்கள். இலை விடுமுன் பூத்துவிடும்.