880-ல் இனி செய்தி கிடையாது: லூப் ஏரியல் கட்டி ஏஎம் நிலையங்களைத் தேடிய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரச்சட்டத்தில் கம்பி சுற்றி நான் கட்டிய லூப் ஏரியல் நன்றாகவே வேலை செய்கிறது. நியூஜெர்சியில், எடிசன் பக்கம் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சிகாகோவில் எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்று கேட்க முடிகிறது. அந்தத் தகவலால் எனக்குக் காலணா பிரயோஜனம் இல்லை. இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்னை இதில் இறக்கிவிட்டது 2024 ஆகஸ்ட் மாதம். நியூயார்க்கின் 880 ஏஎம் (880 கிலோ ஹெர்ட்ஸ்), அதாவது டபிள்யூசிபிஎஸ், 1967-ல் செய்தி நிலையமாக மாறியது. நாள் முழுக்கச் செய்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தும் வானிலையும், நடுவே விளம்பரம். அந்த ஆகஸ்ட் 26 முதல் அது விளையாட்டு நிலையம். அழைப்புப் பெயர்கூட டபிள்யூஎச்எஸ்கியூ என்று மாறிவிட்டது. அதே மாதம் கனடாவின் ஹாமில்டனில் 1927 முதல் ஓடிக்கொண்டிருந்த சிஎச்எம்எல் 900-ஐ அடியோடு மூடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் அங்குள்ள பெல் மீடியா நிறுவனம் ஒரே வீச்சில் ஆறு ஏஎம் நிலையங்களை நிறுத்தியிருந்தது. சரி, மிச்சமிருப்பவற்றை இருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

ஏரியல் விஷயம் எளிது. இரண்டு மரச்சட்டங்களைப் பெருக்கல் குறி மாதிரி பிணைத்து, பக்கம் சுமார் 60 செ.மீ. வரும்படி சதுரமாகக் கம்பி சுற்ற வேண்டும். பத்துப் பதினோரு சுற்று. கம்பி 26 மீட்டர் போல ஆகும். சுற்றுகளை ஒட்டிச் சுற்றக் கூடாது. அரை சென்டிமீட்டராவது இடைவெளி விடாவிட்டால் ஏஎம் அலைவரிசைப் பட்டையின் மேல் முனை, அதாவது 1600 பக்கம், எட்டாமல் போய்விடும். கம்பியின் இரு முனைகளையும் 365 பிகோஃபாரட் கேங்க் கண்டென்சரில் (திருகினால் அலைவரிசை மாறும் பாகம்) பற்றவைத்தால் வேலை முடிந்தது. பழைய வால்வு ரேடியோ எதையாவது பிரித்தால் கேங்க் கிடைக்கும். இரண்டு பிரிவு இருந்தால் ஒன்றே போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ரேடியோவுக்கும் லூப்புக்கும் நடுவே ஒயரே கிடையாது என்பதுதான். கையடக்க ரேடியோவை லூப்பின் பக்கத்தில் வைத்தால் போதும். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் ராடு லூப்பின் தளத்துக்குக் குறுக்காக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ரேடியோவில் சிகாகோவின் 780-ஐ வைத்துவிட்டுக் கேங்கை மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் இரைச்சல் பொங்கி எழும். அதற்குள்ளிருந்து குரல் வரும். மயிரிழை தள்ளினாலும் குரல் போய்விடும். கையை எடுத்தாலும் நழுவும், ஏனென்றால் நம் உடம்பும் அந்தச் சுற்றில் ஒரு கண்டென்சர்தான். பழைய பேனாக் கூட்டைத் திருகின் மேல் செருகி, தள்ளி நின்று திருப்பினேன். அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஊரிலிருந்து டிஜிட்டல் ரேடியோ கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மத்திய அலை (அதாவது ஏஎம்) நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். திருச்சி வானொலியின் 936-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. அமெரிக்காவில் இடைவெளி 10. ரேடியோவில் 9/10 மாற்றும் வசதியைத் தேடி 10-ல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லா நிலையமும் ஓரமாக, கரகரவென்றுதான் கேட்கும்.

ஏரியலைவிட வீட்டோடுதான் பெரிய போராட்டம். ரேடியோவை பாட்டரியில் ஓட்டியும் பட்டை முழுக்க ஒரே ரீங்காரம். காரணத்தைப் பிடிக்க ஒரே வழி, மெயின் பெட்டிக்குப் போய் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குவது. கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு இறக்கினேன். முதல் குற்றவாளி போன் சார்ஜர். அடுத்து மாடிப்படியில் இருந்த மலிவான எல்இடி பல்பு. தீபாவளிக்குக் கட்டிய சீரியல் விளக்கின் அடாப்டர் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. வரவேற்பறையில் எரிகிற அந்த விளக்கு, பின்னறையில் 1000-க்குக் கீழே எதையும் கேட்கவிடவில்லை. “ஏங்க, ஃபிரிட்ஜையாவது விட்டு வைங்க, பால் இருக்கு” என்று குரல் வந்ததும் ஆராய்ச்சியை நிறுத்திக்கொண்டேன்.

ஏஎம் என்பது அலையின் உயரத்தை ஏற்றி இறக்கிக் குரலை அனுப்பும் முறை. மின் பொறியும், சார்ஜருக்குள்ளும் அடாப்டருக்குள்ளும் இருக்கும் ஸ்விட்ச் பவர் சப்ளையும் கிளப்பும் இரைச்சலும் ரேடியோவுக்கு அதே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரிக்க அதற்கு வழியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டில் குண்டு பல்பும் மின்விசிறியும் இருந்தன. இன்று சுவருக்குச் சுவர் ஒரு பவர் சப்ளை. ஏஎம் கேட்பதில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் நிலையத்தின் பலம் குறையவே இல்லை, இரைச்சல்தான் ஏறியிருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

மின்சாரக் கார்களிலும் இதே கதை. மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் இரைச்சலைக் காரணம் காட்டி டெஸ்லா, பிஎம்டபிள்யூ போன்றவை தங்கள் மின்சாரக் கார்களிலிருந்து ஏஎம்மை நீக்கின. ஃபோர்டு 2023-ல் அதே வழியில் போகப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் மே மாதம் பின்வாங்கியது. எல்லாக் காரிலும் ஏஎம் இருந்தே ஆக வேண்டும் என்ற மசோதாவும் அந்த மாதமே செனட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர்களில் மார்க்கி ஜனநாயகக் கட்சி, குரூஸ் குடியரசுக் கட்சி; அவர்கள் இருவரும் சேர்ந்து நின்ற அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

இப்போது வேட்டைக்கு வருகிறேன். பகலில் ஏஎம் தரையை ஒட்டித்தான் வரும், ஏனென்றால் வானத்தின் கீழ் அயனி அடுக்கு அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைகிறது. அதற்கு மேலே இருக்கும் அடுக்கு அலையைத் திருப்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறக்குகிறது. ஆகவே எல்லாமே ராத்திரி வேலை.

என் இலக்கு சிகாகோவின் டபிள்யூபிபிஎம் 780. 1968 முதல் செய்தி நிலையம். சிக்கல் என்னவென்றால், பக்கத்து அலைவரிசை 770-ல் நியூயார்க்கின் டபிள்யூஏபிசி இருக்கிறது. அது 50 கிலோவாட், கோபுரம் நியூஜெர்சி லோடையில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சாதாரண ரேடியோவில் 780-ஐ வைத்தால் 770-தான் கத்தும். லூப் கைகொடுப்பது இங்கேதான். தன் தளம் நீளும் திசையில் அது நன்றாக வாங்கும்; அதற்குச் செங்குத்தான திசையில் செவிடு. லோடை எங்களுக்கு வடகிழக்கே. செவிட்டுப் பக்கத்தை அங்கே காட்டினால், நல்ல பக்கம் தானாகவே வடமேற்கைப் பார்க்கிறது. சிகாகோவும் ஏறத்தாழ அங்கேதான். சட்டத்தை விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்பினேன். 770 மங்கி மங்கிச் சுருங்க, அடியிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. கென்னடி, ஐசனோவர், டான் ரயான் என்று விரைவுச்சாலைகளின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார் ஒருவர். கடிகாரம் சரியாக 8-ஆம் நிமிடம். டபிள்யூபிபிஎம்மில் போக்குவரத்து 8, 18, 28 என்று வரும். அவர் சொன்ன மணி எங்கள் மணிக்கு ஒன்று குறைவு. நிலையத்தின் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து இதே உத்தியில் நியூயார்க்கின் 1010-ஐ அமுக்கி 1020-ல் பிட்ஸ்பர்க் கேடிகேஏ. இது முழுநேரச் செய்தி நிலையம் இல்லை, பேச்சும் கலந்தது. ஆனால் 1920 நவம்பர் 2 அன்று ஹார்டிங்-காக்ஸ் தேர்தல் முடிவுகளை வாசித்து ஒலிபரப்பைத் தொடங்கிய நிலையம். வானொலி இந்த நாட்டில் செய்தியோடுதான் பிறந்தது என்று சொல்லலாம். எளிதாகவே வந்தது.

வராததையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் டபிள்யூடபிள்யூஎல் 870. இதை மறைப்பது 880. அதன் கோபுரம் பிராங்ஸின் ஹை ஐலண்டில், எங்களுக்கு வடகிழக்கே. வரைபடத்தில் அந்தக் கோபுரத்திலிருந்து எடிசன் வழியாக ஒரு கோடு இழுத்து அப்படியே நீட்டினால் நேராக நியூ ஆர்லியன்ஸுக்குப் போகிறது. லூப்பின் செவிட்டுத் திசை முன்னும் பின்னும் ஒன்றுதான். 880-ஐ அமுக்கினால் 870-உம் கூடவே அமுங்கும். இந்த வீட்டிலிருந்து எவ்வளவு பெரிய லூப் கட்டினாலும் இதுதான் கதி. முப்பது மைல் தள்ளிக் குடியிருப்பவருக்கு நிலைமை வேறாக இருக்கும்.

அந்த ஹை ஐலண்ட் கோபுரத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 880-ல் செய்தி தொடங்க இருந்ததற்கு முந்தின நாள், 1967 ஆகஸ்ட் 27, ஒரு சிறு விமானம் மோதிக் கோபுரம் சாய்ந்தது. மறுநாள் செய்தியை எஃப்எம் 101.1-ல்தான் தொடங்கினார்கள். இப்போது அதே தீவில் ஒரே கோபுரத்திலிருந்து 660-உம் 880-உம் போகின்றன. இரண்டுமே விளையாட்டுப் பேச்சு.

880 ஏன் போனது என்று படித்துப் பார்த்தேன். நியூயார்க்கின் இரண்டு செய்தி நிலையங்களும், 880-உம் 1010 வின்ஸும், ஒரே நிறுவனத்திடம் இருந்தன: ஆடசி. அது 2024 ஜனவரியில் கடனை மறுசீரமைக்க திவால் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 அக்டோபரிலேயே வின்ஸுக்கு 92.3 எஃப்எம்மும் கொடுத்துவிட்டார்கள். 880-க்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து விளையாட்டு நிலையமான இஎஸ்பிஎன் நியூயார்க்கின் 98.7 எஃப்எம் குத்தகையும் முடிவுக்கு வந்து, அவர்கள் இடம் தேடினார்கள். முழுநேரச் செய்தி என்றால் நிருபர், ஆசிரியர், வாசிப்பாளர் என்று இருபத்து நான்கு மணி நேரமும் ஷிப்ட் போட்டு ஆள் வேண்டும். விளையாட்டுப் பேச்சுக்கு மைக் முன்னால் இரண்டு பேர் சண்டை போட்டால் போதும். கணக்குப் போடுகிறவர் எதை விடுவார்?

கணக்கில் நிலமும் சேரும். ஏஎம் கோபுரத்துக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், மண்ணுக்குள் செம்புக் கம்பி பரப்ப வேண்டும். வாஷிங்டன் அருகே பெதஸ்டாவில் டபிள்யூஎம்ஏஎல்-இன் 75 ஏக்கர் வீடு கட்டுவதற்காக 74 மில்லியன் டாலருக்கு விலைபோனது. 2020 நவம்பரில் நான்கு கோபுரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அந்தப் பணத்தை விளம்பரத்தில் சம்பாதிக்க எத்தனை காலம் ஆகுமோ.

மிச்சமுள்ள செய்தி நிலையங்கள் பெரும்பாலும் எஃப்எம்மில் ஒரு காலை ஊன்றிக்கொண்டவை. 1965 முதல் செய்தி சொல்லும் பிலடெல்பியா கேஒய்டபிள்யூ 1060, 103.9-லும் வருகிறது. சிகாகோ 780 இப்போது 105.9-உம்கூட. வாஷிங்டனின் டபிள்யூடாப் 2006-லேயே 1500-ஐ விட்டுவிட்டு எஃப்எம்முக்குக் குடிபோய், நாட்டிலேயே அதிக வருமானமுள்ள நிலையங்களில் ஒன்றாக இருக்கிறது. ஆகவே செய்தி நிலையம் என்ற தொழில் செத்துவிடவில்லை. ஆனால் எஃப்எம் அடிவானத்தோடு நின்றுவிடும். சிகாகோவின் 105.9-ஐ நான் எந்த ஏரியலை வைத்தாலும் இங்கே பிடிக்க முடியாது.

போனில் ஆப்பைத் திறந்தால் அதே சிகாகோ துல்லியமாகக் கேட்கும் என்று பையன் சொல்கிறான். கேட்கும். 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனிலும் சிக்னல் இல்லை. பெட்ரோலுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறை வந்ததைக்கூட இரண்டு பாட்டரி போட்ட ரேடியோவில்தான் தெரிந்துகொண்டோம். அவன் அப்போது தொட்டிலில் இருந்தான்.

அடுத்த இலக்கு டெட்ராய்ட் டபிள்யூடபிள்யூஜே 950. இதுவும் செய்தி நிலையம்தான். அதே 950-ல் பிலடெல்பியாவில் ஒரு மத நிலையம் இருக்கிறது, தென்மேற்கே. அதை லூப்பால் அமுக்கிவிடலாம். டெட்ராய்ட்காரர்கள் தங்கள் அலையை வடக்கு நோக்கித் திருப்பி அனுப்புவதுதான் தடங்கல். குளிர்காலம் வரட்டும். இங்கே இருட்டி, அங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் முயன்று பார்க்கப்போகிறேன். அதற்குள் சட்டத்தை ஒரு சுழலும் ஸ்டூலில் பொருத்த வேண்டும், கையால் திருப்பித் திருப்பி ஆணி ஆட ஆரம்பித்துவிட்டது.