அம்மாவின் இரண்டு விரலும் கோர்ட் போட்ட கணக்கும்

முக்கூடலில் பீடிக்கடைக்கு, வீட்டில் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாவை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பழையபடி மடங்கவில்லை. அப்போது அம்மாவுக்கு வயது 43.

பாளையங்கோட்டை கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்கிற வாகன விபத்து நஷ்டஈட்டு மனு போடும்வரை, நஷ்டஈடு என்றால் ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டி மேலே கொஞ்சம் போட்டுத் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் மஞ்சப்பையில் இருந்தன. வக்கீல் அண்ணாச்சி பையைப் புரட்டிவிட்டு, "பீடி பாஸ்புக் எங்கடே?" என்றார்.

அது வீட்டில் சுளகுக்கு அடியில் கிடந்தது. என்றைக்கு எத்தனை பீடி, எவ்வளவு கூலி என்று கடையில் எழுதித் தந்த புத்தகம். ஓரமெல்லாம் புகையிலைத் தூள். அதை வைத்துத்தான் கணக்கே ஆரம்பித்தது.

மாத வருமானம் 8,000 என்று கோர்ட் எடுத்துக்கொண்டது. 40 முதல் 50 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கும் கூலிக்காரருக்கும் எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பு. அது உயிரிழப்பு வழக்கு. காயம்பட்டவருக்கும் உயர்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆக 10,000, வருஷத்துக்கு 1,20,000. 2009இல் சரளா வர்மா வழக்கில் தந்த அட்டவணைப்படி 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. பெருக்கினால் 16,80,000. இதில் எத்தனை சதவீதம் நமக்கு என்பதில்தான் சண்டையே.

மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம் என்று எழுதியிருந்தது. அதை அப்படியே எடுத்தால் 3,36,000. எங்கள் வக்கீல் 2010ஆம் ஆண்டின் ராஜ் குமார் தீர்ப்பைக் காட்டினார். உடம்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது வேறு என்கிறது அது. ஒரு கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகும். அரசு அலுவலக கிளார்க்குக்கு வேலை நிலைக்கலாம்.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் நைசாகத்தான் கேட்டார். "வீட்ல சமையல் யாரும்மா?"

"நாந்தான்."

"அப்போ கை நல்லா வேலை செய்யுது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சோறு பொங்க எந்தக் கையினாலும் போதும் ஐயா. இலையைச் சுருட்டி முனையை மடக்க இந்த ரெண்டு விரலுல்லா வேணும்." விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. இதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தீர்ப்பில் வருமான இழப்பு 40 சதவீதம் என்று வந்தது. 6,72,000. அதே கை, அதே சான்றிதழ்தான்.

மருத்துவச் செலவு பில்படி கிடைத்தது. வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வலி வேதனை, சத்தான சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தனித்தனித் தலைப்பு. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. போக்குவரத்தில் நான்தான் கோட்டைவிட்டேன். பிசியோதெரபிக்கு மாசக்கணக்கில் ஆட்டோவில் போனதற்கு ஒரு துண்டுச்சீட்டும் வாங்கவில்லை. குத்துமதிப்பாக 5,000 போட்டார்கள்.

உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கென்றும் ஒரு தொகை இருந்தது. சொந்தக்காரர் சம்பளமில்லாமல் பார்த்திருந்தாலும் அது உண்டு என்பது எனக்குப் புதுசு. பார்த்தது சித்தி. பணம் வந்ததும் கொண்டுபோய் நீட்டினேன். "அக்காவுக்குத் தலை பின்னிவிட்டதுக்குக் கூலியால?" என்று வாசலிலேயே வைத்து வைதாள். அம்மாதான் இரண்டு நாள் கழித்துப் போய் அவள் அரிசிப்பானைக்குள் போட்டுவிட்டு வந்தாள்.