மூன்று முறை கொட்டினால்தான் நிறைகிறது

பத்தாம் வகுப்பில் அளவியல் தொடங்கும் நாளில் என் பையில் மூன்று கிலோ கம்பு தானியம் இருக்கும், தாள் கூம்பில் நிரப்பி உருளையில் கொட்டிக் காட்டுவதற்கு. மணலில் செய்து பார்த்திருக்கிறேன். கனம் தாங்காமல் தாள் உப்பிவிடுகிறது, கணக்கும் பிசகுகிறது.

இந்த ஆண்டு கூம்பைப் பிள்ளைகளே செய்தார்கள். சார்ட் தாளில் 25 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்து, 101 டிகிரிக்கு வெட்டிச் சுருட்டினால் கடலைப் பொட்டலம் போல ஒரு கூம்பு. வாயின் ஆரம் 7, உயரம் 24. தாளில் ஆரமாக இருந்த 25தான் இப்போது சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து விளிம்பு வரை சரிவின் நீளம். வளைபரப்பு கேட்டால் ஆண்டுதோறும் பலர் சாயுயரத்துக்குப் பதில் உயரத்தைப் பெருக்கி 528 என்று எழுதுகிறார்கள். விடை 22/7 × 7 × 25, அதாவது 550 சதுர செ.மீ. பொட்டலத்தைப் பிரித்து மேசையில் விரித்தேன். வளைபரப்பு என்பது அந்தத் தாள்தான், வேறில்லை. அதன் பிறகு யாரும் 24ஐப் பெருக்கவில்லை.

அடுத்து, அதே ஆரமும் உயரமும் கொண்ட உருளை. 44 செ.மீ. நீளத் தாளைச் சுருட்டி, அடியில் அட்டை ஒட்டினோம். கூம்பில் கம்பை நிரப்பி, ஸ்கேலால் வழித்து, உருளையில் கொட்டினோம். ஏறத்தாழ 8 செ.மீ. ஏறியது. இரண்டாம் முறை 16. மூன்றாம் முறை விளிம்பைத் தொட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. "செவ்வகத்துக்குள் முக்கோணம் பாதிதானே, டீச்சர்? இது மட்டும் ஏன் மூன்றில் ஒன்று?"

இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்தப் பாடத்தை ஆசையோடு எடுக்கிறேன். கொட்டிக் காட்டுவது கண்ணுக்குச் சாட்சி, அவ்வளவுதான். அவள் கேட்டது காரணம். கூம்பு உருளையில் மூன்றில் ஒன்று என்று முதலில் சொன்னவர் பழங்கால கிரேக்க அறிஞர் டெமாக்ரிடஸ், நிறுவியவர் பின்னால் வந்த கிரேக்கக் கணிதவியலாளர் யூடாக்சஸ் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார். சொன்னதற்கும் நிறுவியதற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில்தான் அவளும் நின்றாள்.

மறுநாள் மூன்று அட்டைப் பிரமிடுகள் கொண்டுபோனேன். அடிப்பக்கம் 10 செ.மீ. சதுரம், உச்சி நடுவில் இல்லை, ஒரு மூலைக்கு நேர் மேலே 10 செ.மீ. உயரத்தில். மூன்றின் உச்சிகளையும் ஒரே மூலையில் சேர்த்தால் இடுக்கே இல்லாத கனசதுரம். மூன்றாவதை அவளே செருகினாள். பிரமிடும் கூம்பும் உச்சியை நோக்கி ஒரே விதமாகச் சுருங்குவதால் இரண்டுக்கும் அதே மூன்றில் ஒன்று.

"அப்படியானால் அரைக்கோளத்துக்கு எத்தனை கூம்பு?" என்றாள். பழைய பிளாஸ்டிக் பந்து ஒன்றைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன். அதே ஆரமும், ஆரத்தின் அளவே உயரமும் உள்ள கூம்பால் இரண்டு முறை கொட்ட வேண்டும். திங்கட்கிழமை கொட்டப் போகிறோம்.