இருபத்தோரு நாள் கணக்கு

மார்ச் 12, புதன்

காலைல பொண்ணுக்குத் தலை பின்னிட்டு இருந்தேன், காதுக்குப் பின்னாடி ஒரு கொப்புளம். கொசு கடிச்சிருக்கும்னு விட்டேன். சட்டையத் தூக்கிப் பார்த்தா வயித்துல நாலு, முதுகுல ஏழு, அதுல ரெண்டு தண்ணி கோத்துகிட்டு பளபளன்னு இருக்கு. ஸ்கூல் பையை அப்படியே ஓரமா வச்சாச்சு.

டாக்டர் பார்த்த உடனே சின்னம்மைன்னுட்டார். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் குடுக்காதீங்க, எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் வெளிய விடாதீங்கன்னார். அடுத்த கேள்வி, வீட்ல வேற யார் இருக்காங்க? சின்னவன் இருக்கான், மூணு வயசு, சின்னம்மை ஊசி மட்டும் "அப்புறம் போட்டுக்கலாம்"னு தள்ளித் தள்ளி விட்டது. திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. தொத்தி மூணு நாளுக்குள்ள, மிஞ்சிப் போனா அஞ்சு நாளுக்குள்ள போட்டா நோய் வராமயே போகலாம், வந்தாலும் லேசா வந்துட்டுப் போகும்னு சொல்லி இன்னைக்கே போட்டு விட்டுட்டார். வைரஸ் உடம்புக்குள்ள போய் கொப்புளமா வெளிய வர 10லருந்து 21 நாள் ஆகுமாம், அதுக்குள்ள ஊசி முந்திக்கப் பார்க்கும். தொத்துன அப்புறமும் ஒரு நோயை முந்தலாம்னு இந்த வயசுலதான் தெரிஞ்சுகிட்டேன்.

காலண்டர்ல இன்னைத் தேதிக்கு ஒரு வட்டம் போட்டேன், சின்னவனுக்காக.

மார்ச் 13, வியாழன்

தூக்கமே இல்ல. அவ சொறியிறது ஒரு பக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு ஞாபகம் வந்துச்சு, திங்கட்கிழமை சாயங்காலம் தங்கச்சி வந்திருந்தா. அவளுக்கு இப்ப அஞ்சாம் மாசம். இவ அவ மேலயே சாஞ்சுகிட்டு ரெண்டு மணி நேரம் கதை கேட்டுட்டு இருந்தா.

"திங்கட்கிழமை நல்லாத்தானே இருந்தா, புதன்கிழமைதானே கொப்புளம் வந்துச்சு"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். அதான் விஷயமே. கொப்புளம் தெரியிறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே சின்னம்மை மத்தவங்களுக்குத் தொத்த ஆரம்பிச்சிடும், மூச்சுக்காத்து வழியாவே. ஓடி ஆடிட்டு இருக்கிற பிள்ளையப் பார்த்து யாரும் ஒதுங்க மாட்டாங்க. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு வந்தா நுரையீரல் வரைக்கும் போகலாம், குழந்தைக்கும் ஆபத்து, ஆனா உயிருள்ள வைரஸை பலவீனமாக்கிச் செய்யிற ஊசிங்கிறதால அதையும் அவங்களுக்குப் போட முடியாது.

ஆறு மணிக்கு அம்மாவுக்கு போன் போட்டேன். "உனக்கு வந்தப்ப அவளையும் பக்கத்துலதான்டி படுக்க வச்சிருந்தேன், அவளுக்கு வந்துச்சான்னு நெஜமா ஞாபகம் இல்ல"ன்னு சொல்றாங்க. எனக்கு எப்ப வந்துச்சு, எந்த கிளாஸ், எத்தனை நாள் லீவு, எல்லாம் ஞாபகம் இருக்கு. அவளப் பத்தி ஒண்ணும் இல்ல. தங்கச்சி ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கா, எதிர்ப்புப் புரதம் இருக்கான்னு பார்க்க.

மார்ச் 14, வெள்ளி

இருக்கு! ரிசல்ட்ல ஐஜிஜிங்கிற அந்த எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ். அம்மா மறந்ததை அவ ரத்தம் மறக்கல. நான் போனை வச்சுட்டு பாத்ரூம்ல போய் கொஞ்ச நேரம் அழுதேன், அது வேற.

மத்தியானம் பொண்ணு தூங்குனப்ப இதைப் பத்தியே தேடித் தேடிப் படிச்சிட்டு இருந்தேன். 1846ல அட்லாண்டிக் கடல் நடுவுல இருக்கிற ஃபேரோ தீவுகள்ல தட்டம்மை பரவுது. டென்மார்க் அரசாங்கம் அனுப்புன டாக்டர்ல ஒருத்தர், பீட்டர் பானும் (Panum)னு பேரு, அப்ப அவருக்கு 25 வயசுதான். மொத்த ஜனம் 7,782, அதுல ஏறக்குறைய 6,000 பேருக்கு வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி அங்க தட்டம்மை வந்தது 1781ல, 65 வருஷம் கழிச்சு இப்பதான். அந்த 1781ல படுத்து எழுந்த கிழவன் கிழவி யாருக்கும் ரெண்டாவது தடவை வரலையாம். ஊரே படுத்துக் கிடக்குது, அவங்க மட்டும் நடமாடிட்டு இருந்திருப்பாங்க. கிருமிதான் நோய்க்குக் காரணம்னு யாரும் நிரூபிக்காத காலம், ரத்தப் பரிசோதனை கிடையாது, அவர் பண்ணதெல்லாம் ஊர் ஊரா போய் யாருக்கு என்னைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி யாரைப் பார்த்தாங்கன்னு தேதி கேட்டு எழுதுனதுதான். அதுலருந்தே, ஒருத்தர்கிட்ட தொத்தி இன்னொருத்தருக்கு உடம்புல பொரி கிளம்புறதுக்கு நடுவுல சுமார் 14 நாள்னு கண்டுபிடிச்சிட்டார்.

எனக்கும் ஒரு ஷீட் போடணும்னு கை பரபரங்குது.

மார்ச் 16, ஞாயிறு

போட்டுட்டேன். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல வந்த மெசேஜ் எல்லாத்தையும் மேல ஏத்தி ஏத்தி, யாருக்கு என்னைக்கு முதல் கொப்புளம்னு. பேர் வேண்டாம், நம்பர் மட்டும். கிளாஸ்ல 36 பேர். முதல் பையனுக்கு பிப்ரவரி 26. அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணுமே கிடையாது, எல்லாரும் அவ்ளோதான் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சிட்டோம். மார்ச் 10ல ஒண்ணு, 11ல ஒண்ணு, 12ல எங்க வீட்டோட சேர்த்து மூணு, 13ல ரெண்டு, 15ல ஒண்ணு. எட்டு பேர், எல்லாம் 26ஆம் தேதிலருந்து எண்ணுனா பதினாலு நாளை ஒட்டியே வருது. குரூப்ல "எப்படி திடீர்னு இவ்ளோ பேருக்கு"ன்னு ஒரே புலம்பல். திடீர்னு எல்லாம் இல்லைங்க, அமைதியா இருந்த அந்த ரெண்டு வாரமும் எட்டு பேரும் தினம் கிளாசுக்கு வந்து உட்கார்ந்துட்டுதான் இருந்தாங்க.

ஏற்கனவே ஊசி போட்டவங்க, முன்னாடியே வந்து போனவங்க யாரு யாருன்னு குரூப்ல கேட்டதுல 11 பேர். அந்த எட்டுல இவங்க ஒருத்தர்கூட இல்ல. யாருக்குமே எதிர்ப்பு இல்லாத கூட்டத்துல ஒரு சின்னம்மைக்காரர் 10லருந்து 12 பேருக்குக் குடுப்பார்னு கணக்கு சொல்றாங்க, தட்டம்மைக்கு 12லருந்து 18. ஒருத்தர் பத்து பேருக்குக் குடுக்கிற நோய்னு வைங்க, அந்தப் பத்துல ஒன்பது பேருக்கு முன்னாடியே எதிர்ப்பு இருந்தா ஒண்ணே ஒண்ணுதான் தொத்தும், அந்த ஒண்ணும் இன்னொரு ஒண்ணுக்குத்தான் குடுக்கும், அதுக்கும் மேல எதிர்ப்பு இருக்கிறவங்க கூடுனா சங்கிலி தானா அறுந்து போயிடும். தட்டம்மைக்கு 95 சதவீதம் பேருக்கு ஊசி போடணும்னு பிடிவாதமா நிக்கிறது இந்தக் கணக்கை வச்சுத்தான், யாரோ வாய்க்கு வந்த நம்பர் இல்ல. எங்க கிளாஸ்ல 36க்கு 11. சின்னம்மைக்கு அது வெறும் வேகத்தடை.

சின்னவன் நல்லா இருக்கான். இன்னைக்கு அக்கா மேல ஏறி உட்கார்ந்து கொப்புளத்தை எல்லாம் விரலால தொட்டுப் பார்த்தான். ரெண்டு ரூம் வீட்ல யாரை எங்க பிரிக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

நேத்து இன்னொண்ணு, ஒன்பது. குரூப்ல சண்டை ஆரம்பிச்சிடுச்சு. "உடம்பு சரியில்லாத பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பி எல்லார் தலைலயும் கட்டிட்டாங்க"ன்னு ஒருத்தர் போட, நாலு பேர் அதுக்குத் தம்ஸ் அப். முதல் பையனோட அம்மா ஒண்ணும் சொல்லாம குரூப்ப விட்டு வெளிய போயிட்டாங்க.

மனசு கேக்கல, போன் பண்ணேன். பாவம், குரலே இல்ல. 26ஆம் தேதி காலைல கொப்புளத்தைப் பார்த்த உடனே வீட்ல வச்சுகிட்டாங்க, அப்புறம் ஸ்கூலுக்கே அனுப்பல. அவன் பரப்புனது 24ஆம் 25ஆம் தேதி, எந்த அம்மாவுக்கும் ஒண்ணும் தெரியாத ரெண்டு நாள். "அவனுக்கு எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல, அக்கம் பக்கம் யாருக்கும் இல்ல, தாத்தாவுக்கு இடுப்புல அக்கி போட்டிருந்துச்சு, அவ்ளோதான்"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்பன்னு கேட்டேன், பிப்ரவரி பத்து வாக்குலயாம்.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ். சின்னம்மை ஆறுன அப்புறமும் அது உடம்பை விட்டுப் போறதில்ல, நரம்பு முடிச்சுல போய் ஒளிஞ்சுகிட்டு அம்பது அறுபது வருஷம் கழிச்சு எதிர்ப்பு குறையிறப்ப அக்கியா எட்டிப் பார்க்கும், அந்தக் கொப்புளத் தண்ணி பட்டா எதிர்ப்பு இல்லாத பிள்ளைக்கு சின்னம்மை வரும். இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா தேதி சரியா உட்காருது. தாத்தா சின்னப் பையனா இருந்தப்ப வந்தது இப்ப எங்க ஷீட்ல நம்பர் 1.

ஃபேரோ தீவை இதோட சேர்த்துப் பாருங்க. தட்டம்மைக்கு ஒளிஞ்சுக்கத் தெரியாது, புதுசு புதுசா ஆள் கிடைக்கலன்னா செத்துப் போச்சு, சில லட்சம் பேர் இருக்கிற ஊருலதான் வருஷம் பூரா ஓட முடியும். அதனாலதான் தீவுல 65 வருஷம் இல்லாம இருந்துச்சு, வெளியிலருந்து கப்பல்ல வர வேண்டியதாப் போச்சு. சின்னம்மை அப்படி இல்ல, ஆயிரம் பேர் இருக்கிற ஊர்லயும் யாராவது ஒரு தாத்தாவோட நரம்புல உட்கார்ந்து பொறுமையா காத்துட்டு இருக்கும். இதை எல்லாம் குரூப்ல எழுதுனேன். ரெண்டு பேர் ஸாரி சொன்னாங்க. அந்த முதல் ஆள் பார்த்துட்டு பதிலே போடல.

மார்ச் 20, வியாழன்

சின்னவனை இன்னைலருந்து பிளேஸ்கூல் அனுப்பல. அவனுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அவன் தொத்துன நாள் 10ஆம் தேதியாக்கூட இருக்கலாம், பத்தாம் நாள்ல கொப்புளம் கிளம்பலாம்னா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரப்புவான். கணக்குப்படி 18ஆம் தேதியே நிறுத்தியிருக்கணும், நான்தான் ரெண்டு நாள் லேட்டு. பிளேஸ்கூல்ல சொன்னேன், அங்க ஒரு டீச்சர் கர்ப்பமா இருக்காங்களாம், நல்ல வேளை சொன்னீங்கன்னாங்க.

"நோய் வந்தவளையும் வீட்ல வைக்கிற, வராதவனையும் வீட்ல வைக்கிற"ன்னு அவர் சலிச்சுகிட்டார். ரெண்டும் வேற. அவ நோயாளி, தனிமைப்படுத்தியிருக்கோம். இவன் சந்தேக கேஸ், க்வாரன்டைன். அந்த வார்த்தையே இத்தாலிக்காரங்க பேச்சுல நாப்பதுங்கிறதுலருந்து வந்தது, பிளேக் காலத்துல கப்பலை நாப்பது நாள் நிறுத்தி வைப்பாங்க. அதுக்கும் முன்னாடி 1377ல ரகூசா, இப்போ குரோஷியாவுல டுப்ரோவ்னிக்னு சொல்றோமே அந்த ஊர்ல, பிளேக் இருக்கிற இடத்துலருந்து வர்றவங்க 30 நாள் வெளிய காத்திருக்கணும்னு சட்டம் போட்டாங்க. கிருமியப் பத்தி ஒண்ணும் தெரியாமலே, கண்ணுக்குத் தெரியாம ஓடுற நாளுன்னு ஒண்ணு இருக்குன்னு புரிஞ்சு வச்சிருக்காங்க பாருங்க.

ஒரு வாரமா இதையே படிச்சதுல எனக்குத் தோணுறது, ஒரு நோய் எவ்ளோ கொடூரம்ங்கிறதை விட எப்போ பரவ ஆரம்பிக்குது, எப்போ வெளிய தெரியுதுங்கிற ரெண்டு தேதியதான் முதல்ல கேக்கணும். பெரியம்மை மூணுல ஒருத்தரைக் கொன்ன நோய், ஆனா உடம்புல பொரி தெரியிற கட்டத்துலதான் பெரும்பாலும் தொத்தும். 1966 டிசம்பர்ல கிழக்கு நைஜீரியாவுல தடுப்பூசி பத்தாம போனப்ப வில்லியம் ஃபேகிங்கிற அமெரிக்க டாக்டர் எல்லாருக்கும் போடுறதை விட்டுட்டு, நோய் இருக்கிற வீட்டைத் தேடிப் பிடிச்சு அதைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு மட்டும் போட்டார், அங்க நோய் அடங்கிடுச்சு. தொத்துன சில நாளுக்குள்ள போட்டாலும் அந்த ஊசி வேலை செய்யும், எங்க சின்னவனுக்குப் போட்டது மாதிரியேதான். 1977ல சோமாலியாவுல மெர்கா ஊர்ல ஆஸ்பத்திரி சமையல்காரர் அலி மாவ் மாலினுக்கு வந்ததுதான் இயற்கையா வந்த கடைசி பெரியம்மை, 1980 மே மாசம் ஒழிஞ்சதுன்னு அறிவிச்சிட்டாங்க. 2002 கடைசில கிளம்பி 2003ல பரவுன சார்ஸ்ங்கிற நுரையீரல் நோயும் அப்படித்தான், 8,098 பேருக்கு வந்து 774 பேர் செத்தாங்க, ஆனா நல்லா படுத்த அப்புறம்தான் அதிகமா பரப்புவாங்கங்கிறதால ஆளைக் கண்டுபிடிச்சு ஒதுக்கியே அந்த ஜூலைக்குள்ள நிறுத்த முடிஞ்சது. கோவிட் அதோட சொந்தக்காரன்தான், சாவு விகிதம் அதை விடக் கம்மி, ஆனா இருமல் வர்றதுக்கு முன்னாடியே பரவுனதால உலகத்தையே உட்கார வச்சிடுச்சு.

பொண்ணுக்கு எல்லாம் காஞ்சிடுச்சு. நெத்தில ஒண்ணைப் பிச்சிட்டா, தழும்பு நிக்கும் போல.

மார்ச் 23, ஞாயிறு

அஞ்சு நாளா புது கேஸ் இல்ல. போன வாரம் கிளாஸ் ரூம் பூரா மருந்து அடிச்சாங்க, அதனாலதான் நின்னுச்சுன்னு குரூப்ல ஒரே பாராட்டு. நான் ஷீட்டைப் பார்த்துட்டு சிரிச்சேன். மருந்து அடிக்கலன்னாலும் இந்த அஞ்சு நாள்ல யாருக்கும் வந்திருக்காது, அடுத்த சுத்துக்கு இன்னும் நாள் இருக்கு.

1854ல லண்டன் பிராட் தெரு காலரா கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஜான் ஸ்னோங்கிற டாக்டர் தெருத் தண்ணிப் பம்போட கைப்பிடியக் கழட்ட வச்சார், காலரா நின்னுச்சுன்னு. கைப்பிடி கழண்டது செப்டம்பர் 8. அதுக்குள்ள சாவு பாதிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு, ஜனம் நிறைய அந்த ஏரியாவைக் காலி பண்ணிட்டுப் போயிருந்துச்சு, கைப்பிடியாலதான் நின்னுச்சுன்னு சொல்ல முடியாதுன்னு ஸ்னோவே எழுதியிருக்கார். அவரோட பெருமை தண்ணிலதான் வருதுன்னு காட்டுனதுல இருக்கு. மருந்து அடிச்சவங்க அவ்ளோ அடக்கமா இருப்பாங்கன்னு எதிர்பார்க்கல.

குரூப்ல போடல. போன தடவை போட்டதே போதும்.

மார்ச் 24, திங்கள்

பொண்ணு ஸ்கூல் போயிட்டா. வீடு வெறிச்சுன்னு இருக்கு.

மார்ச் 27, வியாழன்

நேத்து ரெண்டு, இன்னைக்கு ஒண்ணு. மூணாவது சுத்து. ஒன்பதுக்கு அப்புறம் மூணுதான். பாதிக்கப்படக்கூடிய பிள்ளைங்க குறைஞ்சதாலயா, இந்த தடவை எல்லாரும் உஷாரா சந்தேகம் வந்த உடனே வீட்ல வச்சதாலயான்னு பிரிச்சுச் சொல்ல என் ஷீட்டுக்கு வழி இல்ல.

சாயங்காலம் சின்னவனைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். வயித்துல ஒண்ணு, தோள்ல ரெண்டு, தொடையில மூணு. காய்ச்சல் இல்ல, ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான், வாளியத் தட்டி விடுறான். போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புனேன், ஊசி போட்டிருக்கிறதால இவ்ளோதான் வரும், அக்காவுக்கு வந்த மாதிரி முன்னூறு நானூறு வராது, ஆனா இவன்கிட்டருந்தும் தொத்தும், காயிற வரைக்கும் வீட்லயே இருக்கட்டும்னார். பிளேஸ்கூலுக்கு மெசேஜ் போட்டேன், 19ஆம் தேதிக்கு அப்புறம் அவன் அங்க வரலைங்கிறதையும் சேர்த்து.

அக்கா அவன் பக்கத்துல உட்கார்ந்து எண்ணச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கா. அவனுக்கு அஞ்சு வரைக்கும்தான் தெரியும். அஞ்சு சொல்லிட்டு, தொடையில மிச்சம் இருக்கிறதைத் தொட்டு மறுபடி ஒண்ணுன்னான்.