எம்.எஃப்.ஏ. சினிமா: விண்ணப்பம் முதல் தீசிஸ் படம் வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் திரைப்பட இயக்கத்தில் எம்.எஃப்.ஏ. (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற நுண்கலை முதுநிலைப் பட்டம்) முடித்திருக்கிறேன். விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கேமராவில் எடுத்த படத்தை அனுப்பலாம் என்பதுதான். கவலைப்பட வேண்டியவற்றின் வரிசையில் கேமராவுக்குக் கடைசி இடம்.

முதலில் பட்டத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. என்றால் பெரும்பாலும் சினிமா வரலாறும் கோட்பாடும் கட்டுரைகளும். படம் எடுக்கக் கற்றுத்தருவது எம்.எஃப்.ஏ. கலைத்துறையில் அதுவே உச்சப் பட்டமாகக் கருதப்படுவதால், பின்னாளில் கல்லூரியில் கற்பிக்கவும் அது தகுதியாகும். வழக்கமாக மூன்று ஆண்டுகள், 60 கிரெடிட் அல்லது சற்று அதிகம். லாஸ் ஏஞ்சலிஸின் ஏ.எஃப்.ஐ. கன்சர்வேட்டரி போல இரண்டு ஆண்டில் முடிவதும் உண்டு. ஆனால் அங்கே இயக்கமா, ஒளிப்பதிவா, படத்தொகுப்பா என்று விண்ணப்பிக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். எல்லாத் துறைகளிலும் கைவைக்க ஆசைப்பட்ட எனக்கு மூன்றாண்டுப் படிப்பே ஒத்துவந்தது.

இளநிலையில் சினிமா படித்திருக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் பொறியாளர்களும் இருந்தார்கள். இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பதுதான் சிக்கல். விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது. ஆகவே உங்கள் பட்டம் ஏற்கப்படுமா என்பதை முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

இலையுதிர் காலத்தில் தொடங்கும் வகுப்புக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் முந்தைய நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் வந்துவிடும். மதிப்பெண் பட்டியல்கள், டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை, எழுத்து மாதிரி, படைப்பு மாதிரி ஆகியவை பெரும்பாலும் கேட்கப்படுபவை. முதுநிலைப் படிப்புக்கான ஜிஆர்இ பொதுத் தேர்வைப் பல திரைப்படத் துறைகள் கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயர்களைத் தேடி அலையாதீர்கள். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் எழுதும் ஒரு பக்கத்தில் இருக்கும் உயிர், பிரபலத்தின் இரண்டு வரிப் பாராட்டில் இருக்காது.

படைப்பு மாதிரியுடன் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: இந்தப் படத்தில் உங்கள் பங்கு என்ன? அதில் ‘இயக்கம்’ என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். ஒளியமைப்பு யாருடையது, வெட்டியது யார், நடிகரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று திறந்து சொல்லுங்கள். நேர்முகத்தில் என்னிடம் பாதி நேரம் இதைத்தான் கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட ஷாட் ஏன் அவ்வளவு நீளம், நடிகர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றார்கள். பிடித்த இயக்குநர் யார் என்ற கேள்வி வரவே இல்லை. அதற்கு நான் தயாரித்துவைத்திருந்த அழகான பதில் இன்னும் கைவசம் இருக்கிறது.

நோக்கக் கட்டுரையில் ‘சிறுவயதிலிருந்தே சினிமாமீது தீராத காதல்’ என்ற வரியைத் தயவுசெய்து எழுத வேண்டாம். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அந்தக் காதல் உண்டு. எதைப் பற்றிப் படம் எடுக்க விரும்புகிறீர்கள், அது ஏன் உங்களால் முடியும் என்பதற்கு இரண்டு பக்கமே போதாது.

சேர்ந்த பிறகு முதலாண்டு முழுக்கப் பயிற்சிப் படங்கள். முதல் படத்தில் வசனம் கூடாது. 16 மி.மீ. ஃபிலிமில், சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் கேமராவில் எடுத்தோம். 100 அடிச் சுருள், நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் மூன்று நிமிடம்கூட வராது. முழுச் சாவிக்கு அரை நிமிடத்துக்கும் குறைவாகவே கேமரா ஓடும். டிஜிட்டலில் இருபது டேக் எடுத்துப் பழகியவர்கள் ஒத்திகை பார்க்கத் தொடங்கியது இங்கேதான். எல்லாத் திரைப்படப் பள்ளிகளிலும் இன்று ஃபிலிம் இல்லை. இருக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கூடவே திரைக்கதை, நடிகர்களை இயக்குதல், படத்தொகுப்பு, ஒலி, சினிமா வரலாறு. ஒலி வகுப்பை யாரும் ஆவலோடு எடுப்பதில்லை. ஆனால் படப்பிடிப்பு முடிந்த அறையில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வது எதற்கு என்பது, இரண்டு வசனங்களுக்கு நடுவே ஓட்டை விழும்போதுதான் உறைக்கும். தயாரிப்பு வகுப்பில் திரைக்கதையின் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுக் கூறாகப் பிரித்து, ஒரு நாளில் எத்தனை கூறு எடுக்க முடியும் என்று கணக்குப் போடச் சொல்வார்கள். காகிதத்தில் அழகாக வரும் காட்சி, இந்தக் கணக்கில் பாதியாகச் சுருங்கும்.

பாடத்திட்டப் பட்டியலில் கண்ணில் படாத, ஆனால் அதிக நேரம் விழுங்கும் ஒன்று உண்டு. சக மாணவர்களின் படங்களில் வேலை பார்த்தாக வேண்டும். ஒரு படத்தில் உதவி இயக்குநர், அடுத்ததில் பூம் மைக் பிடிப்பவர், இன்னொன்றில் தொடர்ச்சி குறிப்பவர். என் சொந்தப் படங்களில் இருந்த நாட்களைவிட அடுத்தவர் படங்களில் இருந்த நாட்கள் மிக அதிகம். இந்தப் பட்டத்தின் மதிப்பில் பெரும்பங்கு அங்கேதான் என்பேன். ஆசிரியர் அருகில் இல்லாதபோது ஒரு படம் எங்கே தடம் புரள்கிறது என்பதை, பொறுப்பு தன் தலையில் இல்லாத ஒருவரால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். மேலும் உங்கள் தீசிஸ் படத்தில், அதாவது பட்டத்துக்கான இறுதிப் படத்தில், வேலை பார்க்க யார் வருவார்கள் என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

இரண்டாம் ஆண்டு இறுதியில் மதிப்பாய்வு. அதுவரை செய்த படங்களையும் தீசிஸ் திட்டத்தையும் ஆசிரியர் குழு முன் வைத்து அனுமதி பெற வேண்டும். திரைக்கதை, பட்ஜெட், கால அட்டவணை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இடம் தருபவரும் கருவி வாடகை நிறுவனமும் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். தொழில்முறை நடிகர்கள் வேண்டுமென்றால் சாக்-ஆஃப்ட்ரா என்ற அமெரிக்க நடிகர் சங்கத்தின் மாணவர் பட ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கான காகிதங்களைப் படப்பிடிப்புக்குப் பல வாரங்கள் முன்பே அனுப்பிவிட வேண்டும். ஆஸ்கர் விதிகளில் குறும்படம் என்பது பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்குள் அடங்குவது. மாணவர்கள் அந்த எல்லையைத் தொட ஆசைப்படுவார்கள். பதினைந்து நிமிடப் படத்தைத்தான் விழாக்கள் எளிதாக நிகழ்ச்சியில் சேர்க்கின்றன என்று என் வழிகாட்டி என் கதையை வெட்டினார். அன்று கோபம் வந்தது; படம் பிழைத்தது.

படம் முடிந்ததும் எழுத்து அறிக்கை ஒன்று தர வேண்டும். அதன் ஓரவெளி அளவைப் பட்டமேற்படிப்பு அலுவலகம் படத்தைவிட அக்கறையாகப் பார்க்கும். படத்தில் யாருடைய இசையாவது இருந்தால் உரிமைக் கடிதமும் இணைக்க வேண்டும். விழாக்களுக்கு மட்டும் பெற்ற உரிமை இணையத்தில் வெளியிடச் செல்லாது என்பதால், பேரம் பேசும்போதே இரண்டுக்கும் விலை கேட்டுவிடுங்கள்.